கடைசி இரண்டு லீவுகள்

பொதிகை விரைவு வண்டி ராஜபாளையத்தில் வந்து நிற்கும் நேரத்தில், கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இறங்குகிறவர் யாரென்று ஊருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். பெட்டி மூடியில் வெள்ளைப் பெயிண்டில் படை எண், பதவி, பெயர். “லீவாண்ணே, இல்ல பென்ஷனே வந்துட்டீங்களா?” என்பார் ஆட்டோக்காரர். பென்ஷன் என்றால் அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: “இனி என்ன பண்றதா உத்தேசம்?” நான் கேட்டவரை இதற்குப் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “பார்ப்போம் தம்பி. மொதல்ல ஒரு ஆறு மாசம் வீட்ல இருக்கணும்.”

அந்த ஆறு மாதத்தை யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளை பிறந்ததைத் தொலைபேசியில் கேட்டவர். தகப்பனார் இறந்ததற்கு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தவர். வீட்டில் இருக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் வேலை தேடும் காரியம் வீடு வந்து சேர்ந்த பிறகு தொடங்கினால், அது தொடங்கும்போதே இரண்டு ஆண்டு தாமதமாகிவிட்டது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பென்ஷன் வந்தவர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்ட செய்தி இது.

இந்தியப் படைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் ஓய்வு பெறுகிறார்கள். பெரும்பாலோர் 35 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்கள். சிப்பாயாகவே வெளிவருபவருக்கு வயது நாற்பதைக்கூட எட்டியிருக்காது. மூத்த பிள்ளை எட்டாவது படிக்கும். வீட்டுக்கடன் பாதியில் நிற்கும். ஓய்வூதியம் அடுப்பெரியப் போதும், கல்லூரிக் கட்டணத்துக்குப் போதாது. ஆகவே இது ஓய்வு என்று பெயர் பெற்ற ஒரு வேலை மாற்றம்.

இந்த மாற்றத்துக்கு அரசு வழிசெய்யவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. இரண்டாம் உலகப் போர் முடிகிற தறுவாயில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டிருந்த இந்தியப் படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதற்காக 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்குநரகம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். நாம் எல்லோரும் பத்தாவது முடித்ததும் வரிசையில் நின்று பதிந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பிறப்பு அதுதான். படைவீரருக்காகத் தொடங்கியது 1948இல்தான் எல்லோருக்குமானது. அதற்கும் முன்பே, முதல் உலகப் போரின் முடிவில், 1919இல் படைவீரர் நலனுக்கான வாரியம் வந்துவிட்டது. அதன் வழிவந்ததே இன்றைய கேந்திரிய சைனிக் போர்டு. மாவட்ட அளவில் அந்தப் பணியைச் செய்வதுதான் விருதுநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.

ஒதுக்கீடும் சிறிதல்ல. மத்திய அரசின் குரூப் சி நேரடி நியமனங்களில் 10 விழுக்காடு, குரூப் டி எனப்பட்ட கடைநிலைப் பணிகளில் 20 விழுக்காடு. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அது 14.5, 24.5 என்று உயர்கிறது. ஊனமுற்ற வீரர்களுக்கும் உயிர்நீத்தோர் குடும்பத்துக்குமான 4.5 விழுக்காடு அதில் அடக்கம். தமிழகக் காவல்துறை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 விழுக்காடு. வயதும் தடையாக இல்லை. மத்திய அரசு வேலைகளில் உண்மையான வயதிலிருந்து படையில் இருந்த ஆண்டுகளைக் கழித்து, அந்த எண் உச்சவரம்பை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். 38 வயதில் 18 ஆண்டு சேவையோடு வருபவர் கணக்குப்படி இருபது வயது இளைஞர்.

இவ்வளவு இருந்தும், டி.ஜி.ஆர். என்று படையினர் சொல்லும் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் திரட்டிய 2021 ஜூன் நிலவரப்படி, மத்திய அரசுத் துறைகளின் குரூப் சி பணியாளர்களில் முன்னாள் படைவீரர்கள் ஒன்றேகால் விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தார்கள். பொதுத்துறை வங்கிகளில் மட்டும் குரூப் சி பணிகளில் 9 விழுக்காட்டையும், கடைநிலையில் 21 விழுக்காட்டையும் தாண்டியிருந்தார்கள். நியமனத்துக்கான ஒதுக்கீட்டை மொத்தப் பணியாளர் கணக்கோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் வங்கிக்கும் மற்றத் துறைகளுக்கும் இடையில் ஏன் இவ்வளவு தூரம்?

எனக்குத் தோன்றும் காரணம் நாள்காட்டி. எழுத்தர் பணிக்கான வங்கிப் பொதுத்தேர்வு 2011 முதல் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறது. எப்போது அறிவிப்பு வரும், என்ன பாடம், போன முறை முன்னாள் படைவீரருக்குத் தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பது பாசறையில் இருப்பவருக்கும் முன்கூட்டியே தெரியும். பென்ஷன் போனவர் விட்டுச்சென்ற புத்தகத்தை அடுத்தவர் படிக்கிறார். மற்றத் துறைகளின் அறிவிப்புகளோ எப்போது வரும் என்றே தெரியாமல் வருகின்றன. வருகிற நேரத்தில் இவர் எல்லையில் இருப்பார், அல்லது ஆறு மாத ஓய்வில் இருப்பார். தயாரிப்புக்கு நேரம் கிடைத்த இடத்தில் நம் ஆட்கள் ஜெயித்திருக்கிறார்கள்.

அந்த நேரம் எங்கே இருக்கிறது? படைவீரரின் நாள்கணக்கு நம்முடையது போல மாதத்தில் ஓடுவதில்லை. அவருக்குக் காலம் லீவில்தான் ஓடும். ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். “இன்னும் ரெண்டு லீவு, அப்புறம் பென்ஷன்” என்றுதான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். வேலைத் தேடலுக்கான அளவுகோல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கடைசி இரண்டு ஆண்டு லீவுகளைச் சேர்த்தால் 120 நாள். பெரும்பாலும் அதில் ஒன்று ஆடிப்பூரத் தேருக்கும் தங்கை கல்யாணத்துக்கும் போகும். இன்னொன்று வீடு கட்டக் கொத்தனாரோடு போகும். அந்த 120 நாளில் இருபது நாளை மட்டும் வேலைக்கென்று எடுத்து வைக்கச் சொல்லித்தான் நான் ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறேன்.

பிரிட்டனில் படையை விட்டு வெளியேறுவதற்கு இரண்டு ஆண்டு முன்பிருந்து, வெளியேறி இரண்டு ஆண்டு வரை வேலை வழிகாட்டல் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஓய்வுக்கு 365 நாளுக்கு முன்பே அந்த ஏற்பாட்டில் சேர்ந்தாக வேண்டும் என்பது சட்டம். அங்கெல்லாம் கடிகாரத்தை அரசு கையில் வைத்திருக்கிறது. இங்கே அதை வீரரே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. டி.ஜி.ஆர். நடத்தும் ஓய்வுக்கு முந்தைய பயிற்சிகள் சிப்பாய் முதல் இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ. வரையில் முழுக்க இலவசம். சில 24 வாரம் வரை நீள்கின்றன. கேட்டு வாங்குகிறவருக்குக் கிடைக்கிறது. யூனிட்டில் ஆள் பற்றாக்குறை, கமாண்டர் விடமாட்டார் என்று தயங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை.

அந்த இருபது நாளில் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, தன் வேலையை ஊர்மொழிக்கு மாற்றுவது. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஹவில்தார், ஆயுதக் கிடங்குப் படைப்பிரிவில் 24 ஆண்டு இருந்தவர். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை வாசலில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அவர் கொடுத்திருந்த பயோடேட்டாவைப் பின்னாளில் பார்த்தேன். ‘பதவி: ஹவில்தார். டிரேடு: எஸ்.கே.டி.’ அவ்வளவுதான். எஸ்.கே.டி. என்றால் ஸ்டோர் கீப்பர் டெக்னிக்கல் என்று ஆலை அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்? பல்லாயிரம் உதிரிப் பாகங்களை எண் வாரியாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் பின் கார்டு போட்டு, வரவு செலவு எழுதி, ஆண்டுத் தணிக்கையில் இருப்பும் ஏடும் ஒத்துப்போகக் காட்டியவர் அவர். அதே ஆலையின் உள்ளே இருக்கிற ஸ்டோரிலும் நடப்பது அதுவேதான். ரிங் டிராவலர், ஸ்பிண்டில் டேப், பாபின், பேரிங். டிராவலர் என்பது நகக்கண் அளவுள்ள எஃகு வளைவு. ஒவ்வொரு நூல் ரகத்துக்கும் ஒரு எண் உண்டு. எண் மாறினால் நூல் அறும், அது தீர்ந்துபோனால் ஃபிரேம் நிற்கும். ஒருநாள் வாசலில் வந்திறங்கிய பெட்டிகளை டெலிவரி சலானோடு ஒத்துப் பார்த்தவர், பெட்டி மேல் இருந்த எண்ணும் சலானில் இருந்த எண்ணும் வேறு என்று கண்டு நிறுத்திவைத்தார். ஸ்டோர்க்காரர் வந்து பார்த்து, “சார், நீங்க மிலிட்டரியில என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டார். வாசலில் உட்கார்ந்து இரண்டு ஆண்டு ஆன பிறகு அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. அடுத்த மாதம் உள்ளே போனார்.

அந்த இரண்டு ஆண்டு போகாமல் இருந்திருக்க ஒரு தாள் போதும். படைத் தொழில்களுக்கு ஈடான வெளித்தொழில்கள் எவையென்று டி.ஜி.ஆர். ஒரு கையேடே வெளியிட்டிருக்கிறது. அதைவிட எளிய வழி, மாதத்தில் என்ன செய்தோம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பது. கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் என்று எழுதினால் விளங்காது. ‘நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் உணவு, உடை, தளவாடக் கணக்கு என் பொறுப்பு’ என்றால் பால்கோவா தயாரிப்பவருக்கும் விளங்கும், பஞ்சாலை மேலாளருக்கும் விளங்கும். யூனிட் எங்கே இருந்தது என்பதை எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. இன்னொரு சிக்கல் உண்டு. படையில் யாரும் ‘நான் செய்தேன்’ என்று பேசிப் பழகியிருக்க மாட்டார்கள். ‘நாங்க செஞ்சோம்’ என்பதே அங்கே மரியாதை. நேர்காணலில் கேட்பவருக்கோ அந்த ‘நான்’ தேவைப்படுகிறது. கூச்சம் விலக நாலு பேர் முன்னால் சொல்லிப் பழகத்தான் வேண்டும்.

வாட்ச்மேன் வேலையில் இழிவு எதுவும் இல்லை. 1986இல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ கழகம் அரசு நிறுவனங்களுக்கு முன்னாள் படைவீரர்களைக் காவலுக்கு அனுப்பி எத்தனையோ குடும்பங்களுக்கு இரண்டாவது வருமானம் தந்திருக்கிறது. ஐம்பதைக் கடந்தவருக்கு அது நல்ல இடம். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் வைத்து வங்கியில் கன்மேனாக இருப்பவர்களும் உண்டு. என் வருத்தமெல்லாம், முப்பத்தெட்டு வயதுக்காரர் வேறு வழி தேடாமல் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் போய் உட்காருவதைப் பற்றியது. அந்த ஷிப்ட் முடிந்து வீடு வருபவரால் எந்தத் தேர்வுக்கும் படிக்க முடியாது.

தேர்வுக்குப் போவதென்றால் சில விதிகளின் உயிர்நாடி தெரிந்திருக்க வேண்டும். ஓய்வுக்கு ஓராண்டு இருக்கும்போதே மத்திய அரசு வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். யூனிட்டில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பத்தாவது படித்து, படைக் கல்விச் சான்றும் 15 ஆண்டு சேவையும் உள்ளவர், பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி பணிகள் பலவற்றுக்கும், வங்கி எழுத்தர் தேர்வுக்கும் தகுதியுடையவர். ‘நான் டிகிரி படிக்கலையே’ என்று ஒதுங்கியவர்கள் எத்தனை பேரை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன்!

அதைவிட நுணுக்கமானது ஒன்று. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஒரு நிரந்தர அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அந்த ஒதுக்கீட்டு உரிமை அத்தோடு தீர்ந்தது. கிடைத்ததை விடக் கூடாது என்று கடைநிலை வேலை ஒன்றில் அவசரமாகச் சேர்ந்தவருக்கு, ஆறு மாதம் கழித்து வருகிற நல்ல வேலையில் உரிமை கோர முடியாது. 2014 ஆகஸ்ட் 14 அன்று மத்தியப் பணியாளர், பயிற்சித் துறை இதற்கு ஒரு வாசல் திறந்தது. முதல் வேலையில் சேருமுன்பே வேறு எவற்றுக்கெல்லாம் விண்ணப்பித்திருந்தோம் என்பதைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு, சேர்ந்த உடனே அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிட்டால், அந்த வேலைகளுக்கு மட்டும் உரிமை நீடிக்கும். எந்த நாளில் எதற்கு விண்ணப்பித்தோம் என்ற ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது. தனியார் வேலைக்கும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படக்கூடிய தற்காலிக, ஒப்பந்த வேலைக்கும் இந்தத் தடை இல்லை.

தமிழக அரசின் குரூப் 4 தேர்வு இன்னொரு பாதை. பல பணிகளுக்குப் பத்தாவது போதும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் என்று பணிகள். 2024 முதல் வனக் காப்பாளர், வனக் காவலர் இடங்களும் அதற்குள் வந்துவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவில் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்த ஊருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. ஆனால் இத்தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதி கட்டாயம். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளே மதிப்பிடப்படாது. இருபது ஆண்டு இந்தியில் ஆணை கேட்டு, இந்தியில் கனவு கண்டவருக்கு இலக்கணக் குறிப்பும் திருக்குறளும் தூசி தட்டி எடுக்க வேண்டியவை. பிள்ளையின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை டிரங்குப் பெட்டியில் வைத்து யூனிட்டுக்கு எடுத்துச்செல்லச் சொல்வேன்.

வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு சொல். படை வண்டிக்கென்று தரப்பட்ட உரிமத்தைக் காட்டி வெளி வண்டியை ஓட்ட முடியாது. கனரக உரிமத்தை லீவிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டால் ஆலை லாரிக்கோ பள்ளிப் பேருந்துக்கோ காத்திருக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேச முடியாது. பணிக்கொடை, சேமநிதி, விடுப்புச் சம்பளம், ஓய்வூதியத்தில் பாதி வரை முன்கூட்டியே விற்றுப் பெறும் கம்யூட்டேஷன் எல்லாம் ஒரே நேரத்தில் கைக்கு வரும். விற்ற பங்கு திரும்பக் கிடைக்க 15 ஆண்டு ஆகும். பணம் வந்தது தெரிந்தால் மனை விற்பவர் வருவார், வட்டிக்குக் கேட்கும் மைத்துனர் வருவார். ஓராண்டுக் குடும்பச் செலவை எடுத்துத் தனியே வங்கியில் போட்டவர்தான் முதலில் கிடைத்த வேலையை மறுக்கும் தெம்புள்ளவர். இந்தக் கணக்கை வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து போட வேண்டும். இத்தனை ஆண்டு அந்த வீட்டை நடத்தியவர் அவர்தான். தொழில் தொடங்குகிறவர்களுக்கு, 2024 சுதந்திர தினத்தன்று தமிழக முதல்வர் அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் ஒரு கோடி வரை கடன், 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துகொள்வது இதற்கும் வேண்டும், டெக்ஸ்கோவுக்கும் வேண்டும். ராஜபாளையத்திலிருந்து விருதுநகருக்குப் பேருந்தில் போய்வர ஒரு பகல் ஆகும். வேலைநாளில் மட்டும் போக வேண்டும்.

இதெல்லாம் பென்ஷனோடு வருகிறவர்களின் கதை. 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலை கூடுகிறது. நாலு ஆண்டு சேவை. நூற்றுக்கு 25 பேர் வரை மட்டும் தொடர்வார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். ஓய்வூதியம் இல்லை, அதைச் சார்ந்த முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டிருக்கிறது. முதல் அணி பயிற்சிக்குப் போனது 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும். 2026 முடிந்து 2027 பிறக்கும்போது அவர்கள் ஊர் திரும்புவார்கள். ஆண்டு விடுப்பு அவர்களுக்கு 30 நாள்தான். அண்ணன்மாருக்குக் கடைசி இரண்டு லீவில் 120 நாள் இருந்தால், தம்பிமாருக்கு 60 நாள். அவர்களுக்கு அந்த இளவயது ஒன்றே பெரிய முதல். அந்த நிதியை மோட்டார் சைக்கிளில் தொடங்கிக் கரைத்துவிடாமல் இரண்டு, மூன்று ஆண்டுப் படிப்புக்கு வைத்தால், அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டின் ஜி.ஐ. சட்டம் திரும்பிய வீரர்களுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டது போன்ற ஒன்றை ஒவ்வொருவரும் தனக்குத் தானே செய்துகொள்ளலாம். இதை வீட்டுப் பெரியவர்கள் இப்போதே பேச வேண்டும்.

ஆடிப்பூரத்துக்கு லீவில் வந்த, நாயக் பதவியில் உள்ள ஒரு வீரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டெண்ட். அரசு மருத்துவமனையில் செவிலியராகச் சேரச் செவிலியர் மன்றப் பதிவு வேண்டும், தன் படைச் சான்று அதற்கு ஆகாது என்று தெரிந்து சோர்ந்திருந்தார். தேர் நிலைக்கு வந்த மறுநாள் அவரை ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டிக்கு அழைத்துப் போனேன். தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். ஒரு கூடத்தில் வெளுத்த காஸ் துணி ரோல்கள் மலைபோல் குவிந்திருந்தன. ஒன்றை எடுத்து நுனியைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து இழையை எண்ணினார். பிறகு விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். “இந்த அடர்த்தி இருந்தா காயத்துல ஒட்டாது. லூசா நெய்தா இழை உள்ள போயிடும், பிரிக்கும்போது கத்துவான்” என்றார். கூடத்துக்காரர் வேலையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். ஆஸ்பத்திரிகளில் எந்த அளவு ரோல் அதிகம் கேட்கிறார்கள், கிருமிநீக்கப் பையில் எங்கே கிழிகிறது, எது திரும்பி வருகிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். தரம் பார்க்கவும் மருத்துவமனைகளோடு பேசவும் இப்படி ஒரு ஆள்தான் தேவை என்று கூடத்துக்காரர் சொன்னார். சம்பளம் பேசவில்லை, வாக்கும் கொடுக்கவில்லை.

நாயக் திரும்பும் வழியில் பேருந்திலேயே பாக்கெட் டைரியை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். அவருக்கு இன்னும் ஒரு லீவு இருக்கிறது. பங்குனிப் பூக்குழிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.